தப்பு செய்தது அந்தப் பெண் இல்லை, உங்கள் புரோகிராம்



கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். கடை, மண்டி, மில், கிளினிக் வைத்திருக்கும் உறவினர்களே, நடுவில் புரோகிராம் விஷயம் வரும்போது ஓடிவிடாதீர்கள். உங்கள் பணம் அந்த விஷயத்துக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"யூசர் எர்ரர்" என்று ஒரு சொல்லை நம் பிள்ளைகள் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் கூடினாலும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அவர் தப்பாக அமுக்கிவிட்டார் என்று அதற்கு அர்த்தம். அந்தச் சொல்லைப் பாதி இடங்களில் ஒரு கேடயமாகத்தான் தூக்குகிறீர்கள் என்பது என் குற்றச்சாட்டு. சும்மா சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன்.

தை அறுவடை நேரம். நம் பக்கத்தில் ஒரு தனியார் நெல் மண்டி. ஊர், பேர் வேண்டாம். நெல் போட்ட விவசாயிகளின் பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கும். பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து "பணம் கொடுத்தாச்சு" என்ற பொத்தானை அமுக்கினால் கணக்கு முடியும். பெயர்களை மாற்றித் தருகிறேன். நெல் வந்த வரிசைப்படி பட்டியல் இது: கோவிந்தசாமி 42 மூட்டை, ராஜேந்திரன் 18, செல்வராசு 65, மாரியம்மாள் 27.

கவுன்ட்டரில் இருந்த பெண் "மூட்டை" என்ற தலைப்பைக் கிளிக் செய்து பட்டியலைப் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கினாள். செல்வராசு மேலே வந்தார். அவர் வரியைத் தேர்ந்தெடுத்தாள். பொத்தானை அமுக்கினாள். "செல்வராசு, 65 மூட்டை, பணம் கொடுக்கலாமா?" என்று திரை கேட்டது. ஆமாம் என்று சொல்லி 65 மூட்டைக்கான பணத்தை எண்ணிக் கொடுத்தாள். இதில் எங்கே தப்பு? ஓரிடத்திலும் இல்லை.

சாயங்காலம் கல்லாவில் 23 மூட்டைக்கான பணம் குறைகிறது. ஏனென்றால் புரோகிராம் கணக்கு முடித்தது செல்வராசுவுக்கு இல்லை, 42 மூட்டை கோவிந்தசாமிக்கு. மூன்று நாள் அந்தப் பெண்ணைத் திருடியைப் போலப் பார்த்தார்கள். கோவிந்தசாமி பணம் கேட்டு வந்து, "உனக்குத்தான் கொடுத்தாச்சே" என்று சொல்லப்போய் சண்டையானது. செல்வராசு நல்ல மனிதர், "எனக்கு முழுப் பணமும் வந்துவிட்டது" என்று தானே வந்து சொன்னார். அதன் பிறகு திருடி என்ற பேர் போய் "கவனக்குறைவு" என்ற பேர் வந்தது. புரோகிராம் எழுதிய தம்பியிடம் ஃபோனில் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "யூசர் எர்ரர் சார், பக்கத்து வரியை கிளிக் பண்ணியிருப்பாங்க." அடுத்த வாரம் அந்தப் பெண்ணை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் போய் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பட்டியலை அடுக்காமல் செய்து பார்த்தேன், சரியாக வந்தது. தலைப்பைக் கிளிக் செய்து அடுக்கிவிட்டுச் செய்தேன், வேறொருவர் கணக்கு முடிந்தது. கண்டுபிடிக்க 5 நிமிஷம்கூட ஆகவில்லை.

இனி பாடம். என்னிடம் மேல்நிலையில் ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும் படித்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

திரையில் தெரியும் அட்டவணை வேறு, உள்ளே இருக்கும் தரவு வேறு. ஜாவா ஸ்விங்கில் திரையில் தெரிவதை வியூ என்றும் உள்ளே இருப்பதை மாடல் என்றும் சொல்கிறார்கள். தலைப்பைக் கிளிக் செய்து அடுக்கும்போது உள்ளே இருக்கும் தரவு இடம் மாறுவதில்லை. காட்டும் வரிசை மட்டும் மாறுகிறது. காலையில் அசெம்பிளிக்கு உயரப்படி நிற்க வைத்தோமே, அதைப் போல. குள்ளமானவன் முன்னால் வந்து நின்றதால் அவன் வருகைப் பதிவேட்டில் முதல் பெயராகிவிடுவானா? "வரிசையில் முதலில் நிற்பவனுக்குப் பரிசு" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் முதல் பெயராக இருக்கும் பையனைக் கூப்பிட்டுப் பரிசைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அந்த மண்டியில் நடந்தது அதேதான்.

ஜேடேபிளில் "கெட் செலெக்டட் ரோ" என்று கேட்டால் வருவது திரையில் எத்தனையாவது வரி என்ற எண். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். மேலே நின்ற செல்வராசுவுக்கு 0. மாடலில் 0 யார்? கோவிந்தசாமி. அந்த 0-வை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மாடலில் எழுதினால் கோவிந்தசாமி கணக்குதான் முடியும். நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. "கன்வெர்ட் ரோ இண்டெக்ஸ் டு மாடல்" என்ற மெத்தடிடம் அந்த 0-வைக் கொடுத்தால் 2 என்று திருப்பித் தரும். அந்த 2-தான் மாடலில் செல்வராசு.

ஒரு வரி, தம்பிகளே. ஒரே ஒரு வரி. அட்டவணையை அடுக்கும் வசதி ஜாவா 6-இலேயே வந்துவிட்டது. அது வெளியானது 2006 டிசம்பரில். அந்த வசதியோடு சேர்ந்து இந்த மெத்தடும் வந்தது. அடுக்கும் வசதியை ஒரு வரியில் சேர்த்துக்கொண்டீர்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்று விலையும் வைத்தீர்கள். கூடவே வந்த இன்னொரு வரியை விட்டுவிட்டீர்கள்.

இதில் எனக்கு அதிகக் கோபம் எதில் தெரியுமா? அந்த "பணம் கொடுக்கலாமா?" என்ற கேள்விப் பெட்டியில். பெட்டியில் காட்டிய பெயர் வியூவிலிருந்து எடுத்தது, அதனால் சரியாக "செல்வராசு" என்று வந்தது. பிறகு எழுதியது மாடலில், அதே எண்ணை வைத்து. ஆகவே பெட்டி ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டு வேறொருவர் கணக்கை முடித்தது. சரிபார்த்த பெண்ணையே சரிபார்க்காதவள் ஆக்கிவிட்டது. "கன்ஃபர்மேஷன் கேட்டோமே சார்" என்று சொல்லும் பிள்ளைகள் இதைப் பத்து தடவை படிக்கவும்.

இந்தத் தப்பு ஏன் வருஷக்கணக்கில் பிடிபடாமல் இருக்கிறது? சத்தம் போடாது. பிழைச் செய்தி வராது, புரோகிராம் நிற்காது. அடுக்காத வரையில் இரண்டு எண்ணும் ஒன்றுதான், எழுதியவர் சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக வரும். தேடல் பெட்டியில் ஊர் பேரைத் தட்டி வரிகளை வடிகட்டினால் இன்னும் மோசம். 300 பேரில் 3 பேர்தான் திரையில் இருப்பார்கள். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால், திரையிலேயே இல்லாத ஒருவர் கணக்கு மாறும்.

இதன் உடன்பிறப்புகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. நான்கைந்து வரிகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அழிப்பது. முதல் வரியை அழித்தவுடனே அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும். நீங்கள் கையில் வைத்திருக்கும் மற்ற எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். எல்லா எண்களையும் முதலில் மாடல் எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு அழித்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டு. புதுப்பித்தல். அட்டவணைத் தரவு மொத்தமும் மாறியது என்று அறிவித்தவுடன் ஸ்விங் தேர்வை அழித்துவிடும். அது நல்லதுக்குத்தான். நம் ஆள் என்ன செய்கிறார்? தேர்ந்தெடுத்த எண் 4 என்று குறித்துவைத்துக்கொண்டு, புதுப்பித்த பிறகு 4-ஐ மறுபடி தேர்ந்தெடுக்கிறார். அதற்குள் புதிதாக ஒரு விவசாயி பட்டியலில் நுழைந்துவிட்டார். 4-இல் இப்போது வேறொருவர்.

மூன்று. தரவு மாறும்போதே மறுபடி அடுக்கும்படி அமைத்திருந்தால், ஒரு கட்டத்தைத் திருத்தியவுடன் அந்த வரி இடம் பெயர்ந்துவிடும். பழைய திரை எண்ணை வைத்து அடுத்த கட்டத்தைத் திருத்தினால் அது வேறொருவர் வரியில் விழும்.

நான்கு. சிலர் மாற்றுகிறேன் என்று இரண்டு முறை குழப்புவார்கள். மாடல் எண்ணாக மாற்றிவிட்டு அதை ஜேடேபிளின் "கெட் வேல்யூ அட்" மெத்தடிடம் கொடுப்பார்கள். அது கேட்பது திரை எண். மாடலிடம் பேசும்போது மாடல் எண், டேபிளிடம் பேசும்போது திரை எண். மாமியார் வீட்டுக் கணக்கு வேறு, பிறந்த வீட்டுக் கணக்கு வேறு.

ஜாவாவை மட்டும் சொல்லவில்லை. கியூட்டியில் எழுதுகிறவர்களுக்கு "மேப் டு சோர்ஸ்" இருக்கிறது. டாட் நெட்டில் டேட்டா கிரிட் வியூவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் வரி எண்ணைத் தூக்கிக்கொண்டு டேட்டா டேபிளிடம் ஓடாமல், அந்த வரியோடு கட்டியிருக்கும் பொருளையே "டேட்டா பவுண்ட் ஐட்டம்" மூலம் கேளுங்கள். கருவி எதுவானாலும் கொள்கை ஒன்றுதான். நிற்கும் இடம் ஒருவருக்கு அடையாளம் ஆகாது.

இந்தக் கொள்கை ஒன்றும் புதிதில்லை. 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் தரவுத்தளங்களுக்கான தன் கட்டுரையில், அன்றைய முறைகள் தரவு அடுக்கப்பட்டிருக்கும் வரிசையை நம்பியிருப்பதை ஒரு குறையாகவே எழுதினார். இன்றைக்கு நீங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸ் எல்லாம் அவர் போட்ட அஸ்திவாரத்தில் நிற்பவை. அதில் வரிகளுக்கு வரிசை என்பதே கிடையாது, கீ என்பதுதான் உண்டு. டேட்டாபேஸில் பிரைமரி கீ வைத்து ஒழுங்காக எழுதுகிற பிள்ளை, திரைக்கு வந்ததும் "மேலிருந்து மூன்றாவது" என்று பேசுவது என்ன நியாயம்?

காட் வரைக்கும் போக வேண்டாம், நம் பெரிய கோயிலுக்கு வாருங்கள். ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கு வைத்த பட்டியல் கல்லில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று இடத்தைச் சொல்கிறது. அதோடு விட்டார்களா? பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும் கூடவே இருக்கிறது. பங்குக்கு உரியவர் இறந்துபோனால் அல்லது வேறிடம் போய்விட்டால் அந்தப் பங்கு யாருக்கு என்பதையும் எழுதிவைத்தார்கள். வெறும் "இரண்டாம் வீடு" என்று நெல் அளந்திருந்தால், வீட்டில் ஆள் மாறியவுடன் நெல்லும் தப்பான ஆளுக்குப் போயிருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உளி பிடித்தவனுக்கு இருந்த ஜாக்கிரதை கீபோர்டு பிடித்தவனுக்கு வேண்டாமா?

நம் வயல்காட்டிலும் அப்படித்தான். "வாய்க்காலுக்கு அந்தாண்டை மூன்றாவது வயல்" என்று பேச்சுக்குச் சொல்வோம். பத்திரம் எழுதும்போது புல எண், உட்பிரிவு, நான்கு எல்லை. நடுவில் ஒருவர் வயலைப் பிரித்து வரப்பு போட்டால் மூன்றாவது வயல் நான்காவது ஆகிவிடும் என்று படிக்காத தாத்தாவுக்கே தெரியும்.

இனி, நீங்கள் சொல்லப்போகும் சமாதானங்கள்.

"சார், அடுக்கும் வசதியையே எடுத்துவிடுகிறோம்." நன்றாக இருக்கிறதே. கூரை ஒழுகினால் மழை பெய்யக்கூடாது என்பீர்களா? அறுவடை நேரத்தில் 300 பேர் பட்டியலில் ஒரு பெயரைத் தேட அந்த வசதி வேண்டும்.

"சின்ன புரோகிராம் சார், குறைந்த காசுக்கு எழுதியது." காசு குறைந்தால் வசதிகளைக் குறையுங்கள். அடுத்தவன் கணக்கை மாற்றாமல் இருப்பது வசதியில் சேர்த்தி இல்லை. சின்னக் கடை என்பதற்காகத் தராசு பொய் சொல்லலாமா?

"இப்போது ஏஐ எழுதித் தருகிறது சார்." எழுதட்டும். அடுக்கிப் பார்த்துச் சோதித்தது யார்? சோதிக்காமல் விற்றது யார்? கையெழுத்து உங்களுடையதுதானே.

"ஆபரேட்டர் ஒருமுறை பார்த்திருக்கலாமே." பார்த்தாள். திரை சொன்ன பெயரைப் பார்த்துத்தான் அமுக்கினாள். இதற்கு மேல் எதைப் பார்ப்பது?

இது ஒரு மண்டியோடு முடிகிற சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் அஞ்சல் அலுவலகக் கிளைகளை நடத்தியவர்களுக்கு நடந்ததைப் படியுங்கள். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் 1999-இலிருந்து அங்கே வந்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டியதை நம்பி, ஊர் ஊராகக் கிளை நடத்தியவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குப் போட்டார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். மென்பொருளில் கோளாறுகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019-இல். தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. அங்கே இருந்தது வேறு விதமான கோளாறுகள். ஆனால் மனப்பான்மை ஒன்றுதான்: கம்ப்யூட்டர் தப்பு செய்யாது, ஆள்தான் செய்வான். அந்த மனப்பான்மைக்கு நம் ஊரில் வைத்திருக்கும் பேர்தான் "யூசர் எர்ரர்".

கம்ப்யூட்டர் பக்கம் நிற்க ஆள் இருக்கிறது. கவுன்ட்டரில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் பெண் பக்கம் யார் நிற்பது? மாடல், வியூ என்று அவளுக்குப் பேசத் தெரியாது. "நான் சரியாகத்தான் அமுக்கினேன்" என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். அதை நம்பி ஒருமுறை சோதித்துப் பார்ப்பது உங்கள் தொழில் தர்மம்.

அந்த மண்டியில் புரோகிராமைச் சரிசெய்துவிட்டார்கள். மறுநாளே வந்துவிட்டது அந்த ஒரு வரி. ஆனால் முதலாளியைக் கூப்பிட்டு "தப்பு எங்களுடையது, அந்தப் பெண்மேல் குற்றமில்லை" என்று யாரும் சொல்லவில்லை. புரோகிராமில் திருத்தினால் போதாது தம்பிகளே, ஆள்மேல் ஒட்டிய பேரையும் திருத்த வேண்டும்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடையில் இப்படிப்பட்ட புரோகிராம் இருந்தால் இதைச் செய்யுங்கள். சோதனைக்கென்று நான்கு பொய்ப் பெயர்களை, வேறு வேறு தொகையோடு, ஒழுங்கில்லாத வரிசையில் ஏற்றுங்கள். தொகை என்ற தலைப்பை ஒருமுறை கிளிக் செய்து மேல் வரியைத் திருத்திப் பாருங்கள். மறுபடி கிளிக் செய்து வரிசையைத் தலைகீழாக்கி, மேல் வரியைத் திருத்துங்கள். பிறகு ஒரு பெயரைத் தேடி வடிகட்டிவிட்டுத் திருத்துங்கள். ஒவ்வொரு முறையும் புரோகிராமை மூடித் திறந்து, மாறியது நீங்கள் தொட்ட பெயர்தானா என்று பாருங்கள். 9, 18, 100 என்று தொகைகளை ஏற்றி, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கியும் பாருங்கள். 100, 18, 9 என்று வந்தால் எண்ணை எழுத்தாக நினைத்து அடுக்குகிறது என்று அர்த்தம், அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். ரசீது எதிலும் பெயரோடு ஒரு நிரந்தர எண் அச்சாக வேண்டும் என்று கேளுங்கள். இத்தனையும் பார்த்த பிறகு பாக்கிப் பணம் கொடுங்கள்.

புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள், நீங்கள் எழுதிக்கொடுத்த புரோகிராம்களில் "கெட் செலெக்டட் ரோ" எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். ஒவ்வொன்றிலும் அடுத்த வரியில் அந்த எண் என்ன ஆகிறது என்று பாருங்கள். எதுவும் தேர்வாகாதபோது வரும் மைனஸ் 1-ஐக் கவனித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எண்ணை உடனே மாடல் எண்ணாக மாற்றி, அங்கிருந்து நிரந்தர அடையாள எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அந்த அடையாளத்தை வைத்து மட்டுமே வேலை செய்யுங்கள். கேள்விப் பெட்டியில் காட்டும் பெயரும் டேட்டாபேஸில் எழுதும் பெயரும் அந்த ஒரே அடையாளத்திலிருந்து வரட்டும்.

முடித்தவர்கள் கீழே "முடித்துவிட்டேன் சார்" என்று எழுதுங்கள். எத்தனை இடத்தில் தப்பு இருந்தது என்பதையும் எழுதுங்கள், நான் திட்டமாட்டேன். உங்கள் வாடிக்கையாளர் கடைகளில் எந்தப் பெண்ணாவது, எந்தப் பையனாவது இந்தத் தப்புக்காகப் பேச்சு வாங்கியிருந்தால், அந்த முதலாளிக்கு ஒரு ஃபோன் போட்டுவிட்டு வந்து எழுதுங்கள். அப்படி எழுதுகிறவருக்குத்தான் என்னிடம் நூற்றுக்கு நூறு.